கோழி மாவு: எப்போது சலிக்கணும், எப்போது கொட்டணும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரைக்கும், அந்தப் பக்கம் வாளையாறு, கஞ்சிக்கோடு ரோட்டோரத்திலும் சாயங்காலம் ஆனால் பொரித்த கோழிதான் ஓடுகிறது. புரோஸ்ட், கிரிஸ்பி லெக், ஸ்ட்ரிப்ஸ், கூடவே கட்லெட். எல்லாக் கடையிலும் அடுப்புக்குப் பக்கத்தில், பொரிக்கும் முன் கோழியைப் புரட்டும் மாவு ட்ரே ஒன்று, அதன் மேல் ஒரு சல்லடை. ட்ரேயில் இருப்பது இன்று கலந்த மாவா, நேற்று ராத்திரி மிஞ்சியதா என்று கேட்டால், "சலிச்சாச்சுண்ணே, நல்லாத்தான் இருக்கும்" என்று பதில் வரும். சலித்தாயிற்று என்பது உண்மை. நல்லாயிருக்கும் என்பதுதான் தகராறு.

சல்லடை கட்டியை எடுக்கும், கிருமியை எடுக்காது. நாம் பயன்படுத்தும் சல்லடையின் கண் ஒன்று, ஒன்றரை மி.மீ. பாக்டீரியா ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அது பாட்டுக்கு மாவோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அப்படியானால் ஏன் சலிக்க வேண்டும்? கட்டிதான் கிருமி வளரும் இடம், அதனால்தான்.

மைதாவில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்கும். அந்த உலர்வில் எந்தக் கிருமியும் பெருகாது. ஆனால் செத்தும் போகாது. வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி உலர்ந்த மாவில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊறவைத்த கோழியை மாவில் போட்டதும் தயிரும் முட்டையும் கோழி நீரும் சொட்டுகின்றன. சொட்டு விழுந்த இடத்தில் மைதாவின் குளூட்டன் என்ற ஒட்டும் புரதம் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி உருண்டை ஆகிறது. அதற்குள் ஈரம், புரதம், மாவுச்சத்து எல்லாம் இருக்கின்றன. அடுப்பங்கரைச் சூடு 32, 35 டிகிரி. கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. உருண்டை சின்னதாக, முழுசாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிரச்சினையில் பெரும்பங்கு வெளியே போய்விடும். இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் அடுத்தடுத்த துண்டுகள் அதை நசுக்கி, உதிர்த்து, மாவு முழுக்கப் பரப்பிவிடும். அதற்கப்புறம் எத்தனை முறை சலித்தாலும் பிரிந்து வராது. ஆகவே கடை மூடும்போது ஒரே தடவை சலித்து டப்பாவில் எடுத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. வேலை ஓடும்போதே சலிக்க வேண்டும்.

"எப்படியும் எண்ணெயில்தானே பொரிக்கிறோம், எல்லாம் செத்துப்போகும்" என்பார்கள். பாதி சரி. கோழித் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் சால்மொனெல்லா சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று ஒன்று இருக்கிறது. மாஸ்டரின் கைக்காயம், மூக்கு, வியர்வையிலிருந்து மாவுக்கு வரும். ஈரக்கட்டியில் பெருகினால் நஞ்சை உமிழும். கிருமி எண்ணெயில் சாகும், நஞ்சு சாகாது. கொதிக்க வைத்தாலும் அப்படியே நிற்கும். மைதாவிலும் அரிசிமாவிலும் இயல்பாகவே இருக்கிற பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வாந்தி உண்டாக்கும் நஞ்சைத் தரும். அதுவும் சூட்டுக்கு அசையாது. இன்னொன்று, எல்லா மாவும் எண்ணெய்க்குள் போவதில்லை. கையில், ஃபிரிட்ஜ் கைப்பிடியில், மயோனைஸ் பாட்டிலில், வெங்காயம் நறுக்கும் பலகையில் ஒட்டுவது பொரியாத மாவு.

மயோனைஸ் என்றதும் ஒரு விஷயம். பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது. எல்லையின் இரண்டு பக்கமும் கடைக்காரர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் அதே பச்சை முட்டை அடித்த பாத்திரம், கோட்டிங் மாவுக்குப் பக்கத்தில், சாயங்காலம் 4 மணியிலிருந்து ராத்திரி 11 வரை திறந்தே கிடக்கும். அதைத் தொட்ட கைதான் மாவையும் தொடுகிறது.

சரி, நேரக் கணக்கு. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே, சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் இருப்பது ஆபத்தான இடம். அமெரிக்காவின் உணவு விதித்தொகுப்பில், குளிரூட்டாமல் வெளியே வைத்த பொருளுக்கு நேரம் குறித்து, 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்து அல்லது கொட்டு என்று ஒரு முறை உண்டு. கோழி பட்ட மாவுக்கு அதுவே நல்ல அளவுகோல். மார்ச் முதல் மே வரை நான் 3 மணி நேரம் என்றுதான் சொல்வேன். பாலக்காட்டில் வெளியே 40 டிகிரி என்றால் அடுப்பங்கரைக்குள் என்ன இருக்கும் என்பதை அங்கே நிற்பவர்களிடம் கேட்க வேண்டும்.

நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் ஏமாற்றிக்கொள்கிறோம். முதல் கோழித் துண்டு மாவைத் தொட்ட நிமிடம்தான் தொடக்கம். நடுவில் புது மாவு சேர்த்தால் நேரம் புதிதாகாது. 5 மணிக்குத் தொட்டது 9 மணிக்குக் காலி, இடையில் எவ்வளவு புது மாவு கொட்டியிருந்தாலும் சரி. 9 மணிக்கு ட்ரே, சல்லடை, முட்டைப் பாத்திரம் மூன்றும் மாற வேண்டும். பார்சலில் தயாரித்த தேதியும் நேரமும் எழுதி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று கேரளத்தில் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். அந்த ஸ்டிக்கர் ரோல் கல்லாவிலேயே இருக்கிறது. ட்ரே ஓரத்தில் ஒன்று ஒட்டி "5.00" என்று எழுத ஐந்து நொடி போதும்.

இப்போது அளவு. 10 கிலோ கலவைக்கு மைதா 8 கிலோ, கான்ஃப்ளவர் 1 கிலோ, அரிசிமாவு 1 கிலோ. உப்பு 250 கிராம், மிளகாய்த்தூள் 120, மிளகுத்தூள் 80, பூண்டுப் பொடி 60 கிராம். அரிசிமாவில் குளூட்டன் இல்லாததால் கட்டி கொஞ்சம் குறையும், மொறுமொறுப்பும் கூடும். பங்கை 2 கிலோ ஆக்கினால் கோட்டிங் கடினமாகிவிடும். இது மூடி போட்ட டிரம்மில், அடுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் போகிற கரண்டி வேறு எதையும் தொடக்கூடாது. ட்ரேயில் மிஞ்சியதை டிரம்மில் திருப்பிக் கொட்டுவது இந்தத் தொழிலில் நடக்கிற ஆகக் கெட்ட பழக்கம். அரைக் கிலோ மிச்சம் பிடிக்கப் போய் 10 கிலோவையும் கோழி மாவாக்கிவிடுகிறோம்.

ட்ரேயில் ஒரே நேரத்தில் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு தடவை மாவில் புரட்டினால் ஒரு கிலோ கோழிக்குத் தோராயமாக 200 கிராம் மாவு ஒட்டும். 5 கிலோ கோழி, அதாவது சுமார் 35 துண்டு போனதும் 1 கிலோ மாவு குறைந்திருக்கும். அப்போது நிறுத்திச் சலிக்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் 35 துண்டு ஆகாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை. சலித்தால் 150 முதல் 200 கிராம் கட்டி வெளியே வரும். மீதி 1.8 கிலோ. புதுக்கலவை 1.2 கிலோ சேர்த்தால் பழையபடி 3 கிலோ. கட்டி 400 கிராமைத் தொட்டால் மாவில் குற்றம் இல்லை, கோழியை வடிக்காமல் போடுகிறார்கள். ஊறவைத்த துண்டுகளைக் கம்பி ரேக்கில் ஐந்து நிமிடம் போட்டால் சொட்டுவது நிற்கும். அதற்காகத் துணியால் துடைத்துவிடவும் கூடாது. மேலே ஈரம் இல்லாவிட்டால் மாவு பிடிக்காது, பொரிக்கும்போது சட்டை கழற்றுவதுபோல் கோட்டிங் உரிந்து வரும்.

சலிக்கும் விதத்திலும் தப்பு நடக்கும். ட்ரேயை அடுப்பிலிருந்து எடுத்துப் போங்கள்; மாவுத் தூசி எண்ணெயில் விழுந்தால் கருகும், பர்னர் கண்ணையும் அடைக்கும். சல்லடையில் பாதிக்கு மேல் நிரப்பாமல் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலே நிற்கும் கட்டியைக் கரண்டியாலோ உள்ளங்கையாலோ தேய்த்து இறக்காதீர்கள். பத்து மாஸ்டர்களில் எட்டுப் பேர் இதைச் செய்கிறார்கள், வீணாகக் கூடாதே என்று. தேய்த்தால் ஒரு பெரிய ஈர உருண்டை ஐம்பது சின்ன ஈர உருண்டையாகி மாவுக்குள் போகும். எதை எடுக்கச் சலித்தோமோ அதையே பொடியாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். நின்றதை நின்றபடியே மூடியுள்ள குப்பைக் கூடையில் கவிழ்த்துவிட வேண்டும். சிங்க்கில் வேண்டாம், மாவும் கொழுப்பும் சேர்ந்து குழாய்க்குள் பசையாக இறுகினால் பிளம்பருக்குத்தான் லாபம்.

சல்லடை இரண்டு வேண்டும். மூட்டையிலிருந்து எடுக்கும் மைதாவுக்கு நெருக்கமானது, அங்குலத்துக்கு 30 கண். வண்டு, மூட்டை நூல், பிளாஸ்டிக் இழை இதில் நிற்கும். வண்டின் முட்டை நிற்காது என்பதால் பழைய மூட்டையை முதலில் தீர்ப்பதுதான் வழி. வேலை நடக்கும் ட்ரேக்கு அங்குலத்துக்கு 12 முதல் 14 கண், அதாவது ஒன்றரை மி.மீ. சுற்று. முதலாவதையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் ஈரம் பட்ட மாவு அதில் இறங்காது. உடனே கையால் தேய்க்கத் தோன்றும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. கிரிஸ்பி கோழியின் மேலே செதில் செதிலாக நிற்பதே இந்தச் சின்ன உருண்டைகளால்தான். சலித்துச் சலித்து மாவைப் பவுடராக வைத்திருந்தால் கோட்டிங் வழவழவென்று வரும், வாடிக்கையாளர் "பழைய மாதிரி இல்லையே" என்பார். அதனால்தான் சில மாஸ்டர்கள் வேண்டுமென்றே சலிக்காமல் விடுகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தது சரி, வழிதான் தப்பு. சலித்த மாவில், அடுத்த ஈடு போடும் முன்பு, ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஐஸ் மோரோ ஐஸ் தண்ணீரோ தெளித்து விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். செதில் அந்த ஈட்டிலேயே கோழியில் ஒட்டிப் போய்விடும். ஊறவைத்த மசாலாத் தண்ணீரைத் தெளிக்கக் கூடாது. அதில் பச்சைக் கோழி நீர் இருக்கிறது. தெளித்த மாவை அரை மணிக்குள் சலித்தாக வேண்டும், அதில் விதிவிலக்கு இல்லை.

சலித்த மாவின் சுவையும் மாறும். கொரகொரப்பாக இடித்த மிளகு, காய்ந்த மிளகாய் விதை, கசூரி மேத்தி எல்லாம் கட்டியோடு சல்லடையில் நின்று குப்பைக்குப் போகும். மூன்றாவது சலிப்புக்குப் பிறகு காரம் குறைந்திருக்கும். கலவைக்குள் போகிற மசாலா எல்லாம் அந்தச் சல்லடையில் இறங்கும் அளவு நைசாக இருக்கட்டும். கொரகொரப்பு வேண்டுமென்றால் கோழி ஊறும் மசாலாவில் சேருங்கள். உப்பு நேர்மாறாகப் போகும். சொட்டும் மசாலா நீர் உப்பைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும். குறைந்திருக்குமோ என்று ட்ரேயில் ஒரு கை உப்பு போடுவது வேண்டாம். புதுக்கலவை சேர்த்தாலே சமன் ஆகும். மாவில் பேக்கிங் பவுடர் சேர்ப்பவர்களுக்கு: ஈரம் பட்டதும் அதன் வேலை தொடங்கிவிடும். சலித்து எடுத்த மாவில் அதன் வீரியம் குறைந்துதான் இருக்கும்.

பருவம் மாறினால் நடைமுறையும் மாறும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உலர்வாக வீசும்போது மாவு உதிரியாகவே இருக்கும். ஜூனில் மழை பிடித்ததும் கோழி படாத மாவே கட்டிக்கும். அப்போது சிலர் சலித்த மாவை ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறார்கள். மூடி இறுக்கமாக, 5 டிகிரிக்குக் கீழே என்றால் நல்லதுதான். ஆனால் 4 டிகிரியில் இருந்த டப்பாவை ஈரக்காற்றுள்ள அடுப்பங்கரையில் திறந்தால் காற்றின் ஈரம் மாவின் மேல் நீராகப் படியும், பத்து நிமிடத்தில் மேலே ஒரு பிசுக்கு. பெரிய டப்பாவைப் பத்துமுறை திறந்து மூடுவதற்குப் பதில் ஒரு கிலோ டப்பாக்களாக வைத்து, ஒன்றைத் திறந்தால் அதைத் தீர்த்துவிடலாம். மதியக் கூட்டம் முடிந்து சாயங்காலம் தொடங்கும் இடைவெளிக்கு மட்டும் இது உதவும். வெளியே இருந்த நேரத்தையெல்லாம் கூட்டி 4 மணி நேரத்துக்குள் வர வேண்டும். ராத்திரி தாண்டி வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கணக்குப் பார்த்தாலும் அதில் லாபம் இல்லை. கடை மூடும்போது ஒன்றரைக் கிலோ மிஞ்சினால், மசாலாவோடு சேர்த்து அதன் அடக்கம் நூறு ரூபாய்ப் பக்கம். ஒரு பிளேட் புரோஸ்ட் விலையைக்கூடத் தொடாது. அதுவும் வேண்டாம் என்றால் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் புது மாவு சேர்ப்பதை நிறுத்தி, சின்ன ட்ரேக்கு மாற்றி, இருப்பதை வைத்தே ஓட்டினால் முடிவில் 300, 400 கிராம்தான் நிற்கும். அதைக் கொட்டுங்கள். மிஞ்சிய கோழி மாவைக் குருமா கெட்டியாக்கவும், போண்டாவுக்கும், கட்லெட் உருட்டவும் போடுவது சிக்கனமே இல்லை. சைவ போண்டாவில் கோழி மாவு போவது சாப்பிடுபவருக்குச் செய்யும் துரோகம்.

அதே காரணத்தால் கோபிக்கும் காளானுக்கும் தனி ட்ரே, மீனுக்கும் இறாலுக்கும் தனி, கோழிக்குத் தனி. இறால், மீன், முட்டை, பால், கோதுமை எல்லாம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பவை; இறால் புரட்டிய மாவில் கோழி போட்டால் இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவே போதும், பொரிப்பதால் அது போகாது. இந்தப் பக்கக் கடைகளில் பின்கட்டில் நிற்பது பெரும்பாலும் வங்காளம், அசாம், ஒடிசா பையன்கள். தமிழிலும் மலையாளத்திலும் லேபிள் எழுதி ஒட்டிப் பிரயோசனமில்லை. பச்சை, நீலம், சிவப்பு டேப்பை ட்ரேயிலும் அதன் சல்லடையிலும் சுற்றிவிடுங்கள். நேரம் எண்ணில் இருந்தால் யாருக்கும் புரியும்.

கட்லெட் கதை கொஞ்சம் வேறு. உள்ளே இருப்பது வெந்தது, அதனால் கோழி மாவு அளவுக்குப் பயமில்லை. முட்டைதான் கவனிக்க வேண்டியது. 60 கிராம் கட்லெட் ஒன்று 8 முதல் 10 கிராம் ரஸ்க் தூள் எடுக்கும். தட்டில் 300 கிராம் மட்டும் கொட்டி, தீர்ந்ததும் அடுத்த 300. இதற்கு 2, 3 மி.மீ. கண் உள்ள சல்லடை. பெரிய செதிலாக வரும் பிரெட் கிரம்ஸை அதில் போட்டால் நல்ல செதிலும் சேர்ந்து நின்றுவிடும், 5, 6 மி.மீ. வேண்டும். முட்டை பட்டுக் குழைந்த தூளைச் சூட்டில் காயவைத்து மறுபடி பொடிக்கிற வழக்கம் உண்டு. அது தூளை உலர்த்தும், நஞ்சு ஏற்கெனவே உண்டாகியிருந்தால் அதைப் போக்காது. பழம்பொரி மாவு, பஜ்ஜி மாவு மாதிரி கரைத்த மாவுக்குச் சலிப்பு என்ற பேச்சே இல்லை: ஐஸ் தட்டின் மேல் வைத்து, 4 மணி நேரத்தில் கொட்டு.

மாவை ஒழுங்காகச் சலித்தால் எண்ணெயும் மிஞ்சும். சலிக்காத மாவில் தளர்வாக ஒட்டிய கட்டி 170 டிகிரி எண்ணெயில் உதிர்ந்து அடியில் கருகும். அந்தக் கரிதான் அடுத்த ஈட்டில் கரும்புள்ளி, கசப்பு. புரட்டியதும் துண்டை இரண்டு தட்டுத் தட்டி, ரேக்கில் ஐந்து நிமிடம் வைத்துப் போட்டால் உதிர்வது பாதியாகும். எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடை அதற்குப் பதிவேடும் வைக்க வேண்டும்.

கைப்பிடி சுற்றும் டிரம் சல்லடை, மோட்டார் வைத்த மாவு மேசை எல்லாம் வந்துவிட்டன. நாளுக்கு 40 கிலோ கோழிக்குக் கீழே ஓடும் கடைக்கு அது தேவையில்லை. வாங்கினால் தினமும் கழற்றிக் கழுவ ஆள் இருக்கிறானா என்று முதலில் பாருங்கள். கழுவாத டிரம்மின் இடுக்கில் நிற்கும் ஈர மாவு, சலிக்காத ட்ரேயைவிட மோசம்.

சல்லடை கழுவுவதில் எல்லாரும் நேராக வெந்நீருக்குப் போகிறார்கள். வெந்நீர் பட்டதும் கண்ணில் உள்ள மாவு வெந்து பசையாகிவிடும், பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கம்பியையே அறுப்பார்கள். முதலில் உலர்ந்தபடியே தட்டி உதிர்க்கணும், பிறகு பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து நைலான் பிரஷ், அதன் பிறகே சோப்பும் வெந்நீரும், கடைசியில் குளோரின் தண்ணீர். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரச் சல்லடையில் மாவு போட்டால் முதல் ஈட்டிலேயே கண் அடைபடும். அதனால் மாற்றுச் சல்லடை ஒன்று எப்போதும் காய்ந்து தொங்க வேண்டும். மாட்டும் முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வலையும் சட்டமும் சேரும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், கம்பி முதலில் விடுவது அங்கேதான். ஒரு இழை விட்டிருந்தாலும் அந்தச் சல்லடையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். விட்ட துண்டு கையில் கிடைக்கவில்லை என்றால் ட்ரேயில் இருக்கும் மாவையும் சேர்த்து.